ஒரே ஒரு ‘ருக்கு’

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி, பசை பட்டுப் பட்டு அரிக்கிற அந்தக் கை எப்படி என்று தனித்தனியாக எழுது. மொத்தமாக ‘நலம்’ என்று ஒரே வார்த்தையில் ஆளை அனுப்பிவிடாதே.

நீ அனுப்பிய மூட்டை வந்தது. கூடத்தில் கொட்டினேன். தங்கத்தாள் கீற்று, வெல்வெட் தாள் மூலை, ரிப்பன் நுனி, சட்டைப் பெட்டி மூடியின் ஓரம் என்று ஒரு குப்பை மலை. இவர் ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருந்தார். “உங்க அக்கா பட்டறையக் கூட்டிப் பெருக்கி நம்ம வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?” என்றார். சிரிக்க வேண்டும் என்று தோன்றாமல், கால் வைக்க இடம் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நீங்கள் பெட்டி செய்து தூக்கிப் போடுகிற மிச்சத்தில் நான் டேக் செய்கிறேன். பரிசுப் பொட்டலத்தில் நூல் கட்டித் தொங்கவிடுவார்களே, யார் யாருக்குக் கொடுத்தது என்று எழுதி, அதுதான். நெளி கத்தரியால் ஓரம் வெட்டி, மேல் மூலை இரண்டையும் சாய்த்து, துளை போட்டு, துளையைச் சுற்றி வெல்வெட் வளையம் ஒட்டினால் பார்க்க லட்சணமாக இருக்கிறது. கடைத்தெருவில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மா, எத்தனை செய்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பையன் ஹாஸ்டலுக்குப் போனதிலிருந்து என் கைக்கு வேலை இல்லை. கை சும்மா இருந்தால் எனக்குக் காலும் சும்மா இருக்காது, உனக்குத் தெரியாதா.

பையன் அறையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டேன். உனக்காகத்தான். எத்தனை காலம் அந்த ஒற்றை அறையில் நீ தனியாகக் கிடப்பாய்? அம்மா அப்பா போனபிறகு என்னை வளர்த்து, படிக்க வைத்து, கட்டிக் கொடுத்தாய். போதும். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. போனில் பேசினால் நீ ‘ம்’ கொட்டி வைத்துவிடுவாய், அதனால் எழுத்திலேயே பதில் வேண்டும்.

உன்
சுண்டெலி

பிப்ரவரி 21

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஆசிகள். முழங்கால் அப்படியே இருக்கிறது. கை அரிப்பு குறைந்திருக்கிறது. மாப்பிள்ளையையும் பையனையும் கேட்டதாகச் சொல்.

இந்தத் தடவை வேறு மாதிரி மிச்சம் அனுப்புகிறேன். கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், நாங்கள் எல்லோரும் கட்டிங்காரர் என்று கூப்பிடுவோம், நான் குப்பைத் தொட்டியில் கைவிட்டுப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டார். “உங்க தங்கச்சிக்கு எந்த அளவுல வேணும்னு சொல்லுங்க. விழற துண்டை அந்த அளவுல வெட்டி வெக்கறேன்” என்றார். அவர் பேசுவதே ஆடிக்கு ஒருதரம் அமாவாசைக்கு ஒருதரம். கேட்டதும் நானே அசந்துவிட்டேன்.

இங்கே சட்டைப் பெட்டி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. பசை மேசையில் புதிதாக மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். மூலை மடிக்கத் தெரியாமல் மூக்கு மாதிரி மடிக்கிறார்கள். என்னை நகரவிட மாட்டேன் என்கிறார் முதலாளி. வருவதைப் பற்றி ஆர்டர் முடிந்ததும் பேசுவோம். கட்டில் ஜன்னல் ஓரம் வேண்டாம், மழைச்சாரல் அடிக்கும்.

அன்புடன்
அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கக்கூட இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை, மூக்கறுபட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஒவ்வொரு டேக்கிலும் எழுதக் கை வலிக்கிறதே என்று ரப்பர் ஸ்டாம்ப் ஒன்று செய்து வாங்கினேன். மேலே ஒரு கோடு, கோட்டின் கடைசியில் ‘க்கு’. கீழே ‘அன்புடன்’, பக்கத்தில் இன்னொரு கோடு. வாங்குகிறவர்கள் பேரை மட்டும் நிரப்பிக்கொள்ள வேண்டியது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு, செய்து வைத்த டேக் அத்தனையிலும் குத்தித் தள்ளினேன். கடைக்காரம்மா எல்லாவற்றையும் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தமிழ் டீச்சர் ஒருவர் தன் அம்மாவுக்கு வாங்கினாராம். நிரப்பிப் பார்த்தால் ‘அம்மாக்கு’ என்று நிற்கிறது. “நடுவுல இருந்த ‘வு’ எங்கம்மா? யாரு தின்னது?” என்று கடையில் கூட்டம் நிற்கும்போது கேட்டாராம்.

பேசும்போது நாம் அம்மாக்கு, அப்பாக்கு என்றுதானே சொல்கிறோம். அந்த நினைப்பிலேயே செய்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அண்ணன்க்கு, மகள்க்கு என்று வாய்விட்டுப் படித்தேன். பல் விழுந்தவள் பேசுகிற மாதிரி இருக்கிறது. உனக்கு ஒன்று கொடுக்கலாம் என்றால்கூட ‘அக்காக்கு’ என்று வரும். காக்காய் கத்துவது மாதிரி.

இன்னொன்று. இந்தத் தடவை வந்தது மிச்சமே இல்லை. எல்லாம் ஒரே அளவு, ஓரத்தில் ஒரு பிசிறு கிடையாது, நிறம் வாரியாக அடுக்கி ரிப்பனால் கட்டியிருக்கிறது. உங்கள் கட்டிங்காரர் முழுத் தாளையே வெட்டி மிச்சம் என்று சொல்கிறாரா? முதலாளிக்குத் தெரிந்தால் உன் தலைதான் உருளும்.

ஆர்டர் முடிந்ததா? இங்கே வீட்டில் சத்தமே இல்லை, உனக்கு நிம்மதியாக இருக்கும். நீ அங்கே தனியாக இருக்கிறாய் என்று நினைத்தாலே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சொல்லிவிட்டேன்.

உன்
சுண்டெலி

மார்ச் 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

ஆசிகள். நான் நன்றாக இருக்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே.

உன் கடிதத்தை டீ நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரையேறிவிட்டது. பிறகு ஆளாளுக்கு உறவுமுறை சொல்ல, நான் பிரித்து வைத்தேன். அந்த டேக் எதையும் தூக்கிப் போடாதே. தம்பிக்கு, தங்கைக்கு, அண்ணிக்கு, சித்திக்கு, அத்தைக்கு, பேத்திக்கு, மனைவிக்கு என்று எல்லாமே வெறும் ‘க்கு’தான். இ, ஐ என்று முடிகிற ஜனம் உலகத்தில் பாதி. அதைத் தனித் தட்டில் வைக்கச் சொல். மீதிப் பேருக்கு ‘வுக்கு’, ‘னுக்கு’, ‘ளுக்கு’ என்று மூன்று ஸ்டாம்ப் செய்துகொள். “ர்-ல முடியறவங்களுக்கு?” என்று ஒரு பெண் கேட்டாள். “மாமியாருக்குன்னு யாருடி பரிசு வாங்கப் போறா? அந்த ஸ்டாம்பு தண்டச்செலவு” என்றாள் இன்னொருத்தி. கட்டிங்காரர் மிஷின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சிரித்தார். முதுகு குலுங்கியது.

முதலாளிக்குத் தெரியும், பயப்படாதே. கட்டிங்காரர் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் வெட்டுகிறாராம்.

எனக்கு ஒரு காரியம் செய். ‘ருக்கு’ என்று ஒரே ஒரு டேக் செய்து அனுப்பு. ஸ்டாம்ப் வேண்டாம், உன் கையால் எழுது. முன்னால் கொஞ்சம் இடம் விட்டால் போதும். கருநீல வெல்வெட் உன்னிடம் இருக்கிறதல்லவா, அதில் வளையம் ஒட்டு.

ஊருக்கு வருவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்
அக்கா

மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். உன் யோசனை பலித்துவிட்டது. கடைக்காரம்மா நான்கு தட்டு வைத்துவிட்டார். ‘வுக்கு’ தட்டுதான் முதலில் காலியாகிறது.

நீ கேட்ட டேக் இதோடு இருக்கிறது. ஆறு தடவை எழுதிப் பார்த்து, ஏழாவதை அனுப்புகிறேன். சரி, யாருக்கு? இதைக் கேட்கும்போதே சிரிப்பு வருகிறது, ‘யாருக்கு’ என்பதிலேயே ‘ருக்கு’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர் வழியில் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, “ருக்குன்னு உங்க அக்காவுக்கு ஃபிரண்டு யாராவது இருக்காங்களா?” என்றார்.

முதலாளி என்றால் க்கு. பசை மேசைப் பெண்கள் என்றால் பேரைச் சொல்லியிருப்பாய். உனக்கு மாமியார் கிடையாது. பின்னே ர் என்று முடிகிற ஆள் உனக்கு யார்? ஆசிரியர்? இந்த வயசில் நீ எதைப் படிக்கப் போகிறாய். மேனேஜர்? உங்கள் பட்டறையில் அப்படி ஒருவர் இல்லை. டிரைவர், கண்டக்டர், இன்ஸ்பெக்டர் என்று சுற்றிச் சுற்றி யோசித்ததில் பசை காய்ந்து கட்டியாகிவிட்டது.

யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு அர்த்தம் வருகிறேன் என்பதா, வரவில்லை என்பதா? உடனே பதில் போடு.

உன்
சுண்டெலி

ஏப்ரல் 15

அக்கா,

நீ நலமா? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்கிறேன்.

டாக்டருக்கு. அந்த டேக் டாக்டருக்குத்தானே? நேற்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது, அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். உனக்கு என்னவோ வந்திருக்கிறது. யாரோ ஒரு டாக்டர் பார்த்துச் சரிசெய்திருக்கிறார், இல்லை பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ அவருக்குப் பரிசு வாங்கித் தருகிறாய். எனக்கு மட்டும் சொல்ல மாட்டாய். கை அரிப்பு குறைந்திருக்கிறது என்று எழுதினாயே, மருந்து சாப்பிடாமல் எப்படிக் குறையும்? ஆர்டர் ஆர்டர் என்று தள்ளிப் போட்டதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு அலையத்தானா?

உன் போன் எப்போதும்போல அணைந்து கிடக்கிறது. பட்டறைக்குப் போட்டேன். எடுத்த பெண், “அக்கா லீவு. வெளியூர் போயிருக்காங்க” என்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோயாளியைப் பற்றிக் கேட்டால் சிரிக்கிற ஜனமா அது? நீ லீவு போட்டு எனக்கு நினைவே இல்லை. என் பிரசவத்துக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் வந்தாய்.

குட்டி போட்ட பூனை மாதிரி அறைக்கு அறை நடக்கிறேன். இவர் வெள்ளிக்கிழமைதான் வருவார். வந்தாலும், “ஒண்ணும் இருக்காது, தூங்கு” என்பார். நீ அங்கே தனியாக, உடம்புக்கு முடியாமல், ஒரு வாய் வெந்நீர் வைத்துத் தர ஆள் இல்லாமல். நான் பஸ் ஏறவா?

சுண்டெலி

ஏப்ரல் 22

அன்புள்ள சுண்டெலிக்கு,

எனக்கு ஒரு நோயும் இல்லை. முதலில் அதைப் படித்துவிட்டுத் தண்ணீர் குடி. பிறகு மேலே படி.

டாக்டருக்கு இல்லை. அவருக்கு. கட்டிங்காரருக்கு.

சட்டை ஒன்று வாங்கினேன். பெட்டி நானே செய்தேன், மூலை நானே மடித்தேன். நீ அனுப்பிய டேக்கில் முன்னால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பேர் எழுதக் கை வரவில்லை. ‘அவ’ என்று மட்டும் எழுதினேன். வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். “யாரு இந்த அவரு?” என்றார். “எதிர்ல நிக்கறவரு” என்று சொல்லிவிட்டு நான் பசை கலக்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. இந்த வயசில் இதற்கு மேல் என்ன நடக்கும்.

அவர் மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறாள். லீவு போட்டது அவளைப் பார்க்கத்தான். அவள் முகம் சுளித்தால் கல்யாணப் பேச்சையே விட்டுவிடுவது என்று இருந்தோம். சுளிக்கவில்லை. அவள் சரி சொன்ன பிறகு உனக்கு எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஜூலை இருபதாம் தேதி பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. மேளதாளம் ஒன்றும் இல்லை. என் பக்கம் கையெழுத்துப் போட உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

ஆசிரியர் முதல் இன்ஸ்பெக்டர் வரைக்கும் எழுதினாயே. ‘கணவருக்கு’ என்று ஒரு வார்த்தை உனக்குத் தோன்றவே இல்லை, பார்த்தாயா. உன்மேல் தப்பில்லை. எனக்கும் அந்த வார்த்தைக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நானும் இருந்தேன். வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. நீ என்ன சொல்வாய் என்பதுதான் எனக்குக் கவலை.

அன்புடன்
அக்கா

ஜூன் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம்தானே? மாப்பிள்ளையும் பையனும் சுகமா?

நான் எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தபாலில் தொலைந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். அனுப்பிய இரண்டு மூட்டையும் வந்து சேர்ந்ததாகப் பார்சல் ஆபீசில் சொல்கிறார்கள். மூட்டை வருகிற வழியில்தானே கடிதமும் வரும். பிள்ளையைத் தூரத்துக்கு அனுப்பின தாய் தபால்காரனைப் பார்ப்பது மாதிரி வாசலைப் பார்க்கிறேன். திட்டுவதானால் திட்டி எழுது, பேசாமல் இருக்காதே.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்கள் நலமா. மூட்டை இரண்டும் கிடைத்தது. கடைக்காரம்மா புதுத் தட்டு வைத்திருக்கிறார். சிவப்பு அட்டை அதிகம் இருந்தால் அனுப்பவும்.

இப்படியே முடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். பிறகு கிழித்து எடுத்து மேலே எழுதுகிறேன். ஒட்டின உறையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய். அளவெடுத்து வெட்டிய மிச்சம், ரிப்பன் கட்டு, முதுகு குலுங்கச் சிரித்தது என்று நீயே ஒவ்வொன்றாக எழுதியும் எனக்கு உறைக்கவில்லை. நான் இங்கே உனக்குச் சாவு வந்துவிட்டது என்று நடுங்கிக்கொண்டிருக்கும்போது நீ பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி யாரோ பெற்ற மகள் முன்னால் போய் நின்றிருக்கிறாய். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்குச் சேதி. நான் என்ன, கடைசிப் பந்தியா? நீ வளர்த்தது அவளையா, என்னையா?

நல்ல மனுஷராகத்தான் இருப்பார். அதுகூட எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கெட்டவர் என்றால் தடுக்கலாம்.

அறையை என்ன செய்வது என்று சொல். திரை வாங்கித் தைத்து மாட்டிவிட்டேன். சாரல் அடிக்கும் என்று எழுதினாயே, கட்டிலை நகர்த்தி உள்பக்கச் சுவரோரம் போட்டேன். முழங்காலுக்கு உயரமாக இருக்கட்டும் என்று கால்களுக்குக் கட்டை வைத்தேன். தினமும் அந்த அறையைப் பெருக்குகிறேன், குப்பையே இல்லை. டேக் வெட்ட உட்கார்ந்தால் கடைக்கு வேண்டியதற்கு மேல் வெட்டிக்கொண்டே போகிறேன். வேறு வேலை இல்லாமல் விசிறிக்கு, அலமாரிக்கு, குளிர்பெட்டிக்கு என்று எழுதி எழுதி வீட்டில் இருக்கிற எல்லாவற்றிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்த இவர், “என் கழுத்துலயும் ஒண்ணு கட்டிடப் போற” என்றார்.

நீ தனியாக இருக்கக்கூடாது என்றுதானே இவ்வளவும் செய்தேன்.

சுண்டெலி

ஜூன் 17

என் சுண்டெலிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பையும் மனசையும் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க.

அவளிடம் முதலில் சொன்னது தப்புத்தான். அவள் வேண்டாம் என்றால் எனக்கு ஒரு நாள் வருத்தம். நீ வேண்டாம் என்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதனால்தான் உன்னைக் கடைசியில் வைத்தேன். பயந்தவள் அப்படித்தான் செய்வாள்.

விசிறிக்கு டேக் கட்டினாயே, அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரிக்குள் நின்றுவிட்டது. உன் கடிதங்களை எல்லாம் எடுத்துத் திரும்ப வாசித்தேன். ர் என்று முடிகிற ஆட்களைத் தேடி டிரைவர் கண்டக்டர் வரைக்கும் போனாய். உன் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறாரே, வரிக்கு வரி ‘இவர், இவர்’ என்று எழுதுகிறாயே. ‘இவருக்கு’ என்று உனக்குத் தோன்றவில்லை. எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு வாரம் முழுக்க ஊர் ஊராக அலைகிறவர், வீட்டுக்கு வந்தால் படுக்கத்தான் செய்வார். ஆனால் நீ யாரிடம்தான் பேசுகிறாய்?

நீ தனியாக இருக்கிறாய், நீ தனியாக இருக்கிறாய் என்று எழுதிக்கொண்டே இருந்தாய். நான் இங்கே தனியாக இல்லை. பசை மேசையில் எட்டுப் பெண்கள், பக்கத்து அறையில் ஒரு குடும்பம், மாடிப்படியில் உட்கார்ந்து பேச ஒருவர். உன் கடிதத்தில் ‘நீ’ வருகிற இடத்தில் எல்லாம் ‘நான்’ என்று வைத்துப் படித்தேன். சரியாக இருந்தது.

அடி அசடே, ஒரே ஒரு தடவை ‘நான் தனியாக இருக்கிறேன் அக்கா, வா’ என்று எழுதியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். ஆர்டராவது ஒன்றாவது.

இப்போதும் ஒன்றும் கெட்டுப் போகவில்லை. அவரிடம் சொன்னேன். மிஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “அவங்க கூப்பிட்டா நீங்க போங்க. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்றார். வா என்று ஒரு வரி எழுது. வருகிறேன், பத்து நாளுக்கு அல்ல. சாவகாசமாக இருந்துவிடுவதற்கே வருகிறேன். எழுத மனசில்லை என்றால் கையெழுத்துப் போட நீ வா. இரண்டில் எது வந்தாலும் நான் உன் அக்காதான்.

அன்புடன்
அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ கேட்கிற விதத்தில் கேட்டால் அதுதான் பதில்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். வீட்டுக்குள் நடந்தது போதாது என்று கடைத்தெரு வரைக்கும் போய்ப் போய் வந்தேன். பரிசுக்கடை அம்மா, “என்னம்மா, டேக் இல்லாம வெறுங்கையோட வர்றீங்க” என்றார். “சும்மா வந்தேன்” என்றேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். இப்போதெல்லாம் பகலில் அங்கே உட்கார்ந்து டேக்குக்கு நூல் கோக்கிறேன். வருகிறவர்கள் எந்தத் தட்டு என்று தெரியாமல் தடுமாறினால் சொல்லிக் கொடுக்கிறேன். அந்தத் தமிழ் டீச்சர்கூட வந்தார். ‘வு’ திரும்பி வந்துவிட்டதைப் பார்த்துவிட்டு நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

இவரிடம் சொன்னேன். “வாரத்துல அஞ்சு நாள் இந்த வீட்டுல நான் சுவத்தோட பேசறேன்” என்று நேராகவே சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “சொல்லியிருக்கலாமே” என்றார். எல்லோரும் இதையே சொல்லுங்கள். ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். புதன்கிழமை சாயங்காலம் அவராகவே போன் செய்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், அங்கே மழை உண்டா என்று கேட்டார். இருக்கிற மழை, இல்லாத மழை எல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

பதினேழாம் தேதியே நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். பையனும் ஹாஸ்டலிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான். கட்டிங்காரரை நான் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும், நீ பக்கத்தில் நிற்கக்கூடாது. முழங்கால் வலிக்கு எந்தத் தைலம், கை அரித்தால் எதைப் போட வேண்டும், கோபம் வந்தால் எத்தனை நாள் பேச மாட்டாய் என்று எல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும். இடையில் அழுவேன். அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை.

இனி நீ கேட்ட அந்த ஒரு வரி. ஆமாம் அக்கா, நான் தனியாகத்தான் இருக்கிறேன். பையன் போன நாளிலிருந்து, அதற்கும் முன்னாலிருந்தே. உன்னை அவருக்கு விட்டுக்கொடுக்க எனக்குக் கொஞ்சமும் மனசில்லை. ‘வா’ என்ற அந்த ஓர் எழுத்தை எழுதத் தினமும் பேனாவை எடுக்கிறேன். எழுதினால் நீ வந்துவிடுவாய். அதனால்தான் எழுதவில்லை.

இப்படிக்கு,
பெண் வீட்டார்